நெத்தி முட்டாத இடம்

ஒரு முழங்கால்ல ஒரு ஊரு இருந்துச்சாம். ஆமா, முழங்கால்லதான். நேத்து நீ விழுந்து தோலை உரிச்சுக்கிட்டியே, அந்தப் புண்ணு ஓரத்துல, கண்ணுக்கே தெரியாத செல்லு ஒன்னு. அதுதான் ஊரு. புண்ணு மூடணும்னா அந்த ஊரு ரெண்டு ஊராப் பிரியணும். ம் கொட்டு.

ஊர் நடுவுல, ஜடை மாதிரி முறுக்கின ரெட்டை இழை. டிஎன்ஏன்னு பேரு. ஊரு எப்படிப் பொழைக்கணுங்கிறது பூராவும் அதுல மணி மணியாக் கோத்திருக்கும். பிரியறதுக்கு முன்னாடி அதே மாதிரி இன்னொன்னு செஞ்சாகணும். அதனால பொம்பளைங்க அங்கங்க முறுக்கை அவுத்து, ஒவ்வொரு இழைக்கும் ஜோடி மணி கோத்துக்கிட்டே நடப்பாங்க. எதிர்ல கோத்துக்கிட்டு வர்றவ நெத்தியில நெத்தி ‘டொக்’குனு முட்டணும். முட்டினாத்தான் வேலை முடிஞ்சுது.

அஞ்சலைக்கு வாய்ச்சது நீளமான துண்டு. நடுவுல வேற ஆளே கிடையாது. இந்தக் கோடியில இவ, அந்தக் கோடியில அவ சிநேகிதி குருவம்மா. அஞ்சலை போனா, போனா, ஒரு முடிச்சு. அவுத்தா. அப்புறம் கையில மணி தீர்ந்துபோச்சு. காத்திருந்து வாங்கினா. அப்புறம் ஊரு வேலைக்காக இழையைப் படிச்சுக்கிட்டே எதிர்ல வந்த ஒரு ஆளு ‘மடார்’னு மோதிட்டாரு. நீ ஒதுங்கு, நீ ஒதுங்குன்னு நின்னதுல நேரம் போயிருச்சு.

அப்போ ‘டம் டம்’னு முரசு. பிரியற நேரம். மிச்சம் கொஞ்சூண்டுதானே, குருவம்மா கோத்திருப்பான்னு இவ நெனைச்சா. அங்க அவளும் அதையேதான் நெனைச்சா.

ஊரு இழுத்துச்சு. எல்லா இழையும் பிரிஞ்சுது, கோக்காத இந்த இடம் மட்டும் ரெண்டு ஊருக்கும் நடுவுல ‘விண் விண்’னு நின்னுச்சு. அறுந்தா அந்த நுனி கண்ட இடத்துல ஒட்டிக்கும். எங்க நிறுத்தணும்னு ஊருக்கே மறந்துபோயி, சும்மா பெருகிக்கிட்டே இருக்கும். அப்படிக் கெட்ட ஊருங்க உண்டு, கண்ணு.

அஞ்சலை முறுக்குப் பிரிக்கிற சடைச்சியைத் தேடி ஓடினா.

“அக்கா, என் நெத்தி முட்டல.”

“இப்பவாவது வாயைத் தொறந்தியே.”

சடைச்சி பறந்தா. ‘சர்ர்’னு முறுக்கைப் பிரிச்சு ரெண்டு ஊருக்கும் ஆளுக்கொரு ஒத்தை இழை குடுத்தா. கோக்காத இடத்துல துணி சுத்திக் கட்டினா. அடுத்து கோக்குற காலம் வர்றவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னா.

ஊரு ரெண்டாச்சு. அஞ்சலை இங்க, குருவம்மா அங்க. நடுவுல சுவரு. சொல்லிக்கக்கூட நேரமில்ல.

தூங்கிட்டியா? ம் கொட்டுறியே, சரி.

அஞ்சலை அந்தத் துணிக்கட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தா. காலம் வந்துச்சு. கட்டைப் பிரிச்சா. ஒத்தை இழைதான், ஆனா எந்த மணிக்கு எது ஜோடின்னு அதுவே காட்டுச்சு. கோத்தா, கோத்தா, எதிர்ல புதுசா ஒருத்தி. டொக்.

அப்போ சுவத்துக்கு அந்தப் பக்கம், மெதுவா இன்னொரு ‘டொக்’. அஞ்சலை சிரிச்சுட்டா.

எங்க, உன் நெத்தியைக் கிட்ட கொண்டா. டொக். முட்டியாச்சு, கதையும் முடிஞ்சாச்சு. புண்ணு தானா மூடிக்கும், நீ கண்ணை மூடு.