மக்தூம் சிம்மாசனத்தை மூடிய கதை

முன்னொரு காலத்தில் ஒரு சுல்தானியம் இருந்தது. பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எவனாவது 'வாரிசு நான்தான்' என்று வந்து நிற்பான். அதனால் பெயர் வேண்டாம். அந்த நாட்டில் சுல்தான் ஆவதைவிட, சுல்தானுக்குத் தம்பியாக இருப்பதுதான் கடினம். கண் தெரியாதவனை யாரும் அரியணையில் ஏற்றமாட்டார்கள் அல்லவா? ஆகையால் புதிதாகப் பட்டத்துக்கு வருகிறவர் முதல் வேலையாகத் தன் சகோதரர்களின் கண்ணில் பழுக்கக் காய்ச்சிய ஊசியை இழுக்கச் சொல்வது அந்த வம்சத்தில் வழக்கமாகியிருந்தது.

பெரிய சுல்தான் காலமானதும் அவருடைய இரண்டு பிள்ளைகளும், மூத்தவர் ஹைபத் ஷாவும் இளையவர் இல்யாஸும், ஆளுக்கொரு படையோடு ஆற்றங்கரையில் மோதினார்கள். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க ஊர்க்காரர்கள் பல நாள் அஞ்சினார்கள். ஹைபத் ஷா வென்றார். இல்யாஸ் பிடிபட்டுக் கோட்டையின் மேற்குக் கொத்தளத்தில் அடைபட்டார்.

வென்றவருக்கோ சோறு இறங்கவில்லை. யானையைப் பார்க்கவேண்டும் என்று அழுத தம்பியைத் தோளில் சுமந்து கொட்டிலுக்குக் கொண்டுபோனவர் அவர். அதே தம்பியின் ஈட்டி பட்டுத் தன் குதிரை சரிந்ததையும் அவர் மறக்கவில்லை. மன்னிக்கவும் மனம் வரவில்லை, தண்டிக்கவும் வாய் வரவில்லை.

தர்பாரில் வஸீராக, அதாவது மந்திரியாக, இருந்தவர் தில்தார் கான். விகடனாக இருந்தவன் மக்தூம். சுல்தானைப் பயமுறுத்த வஸீருக்குத் தெரியும்; சிரிக்கவைக்க மக்தூமுக்கு மட்டும்தான் தெரியும். பயந்த சுல்தான் வஸீரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். சிரித்த சுல்தான் அதைக் கிழித்துப் போடுவார். வஸீருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒரு நாள் தர்பாரில் வஸீர் எழுந்து நின்றார். "ஹுஜூர்! கொத்தளத்தில் ஒரு இளவரசர் இருக்கும்வரை, நாட்டில் இரண்டு சுல்தான்கள் என்றுதான் பொருள். முன்னோர் வழக்கத்தை நிறைவேற்ற உத்தரவிட வேண்டும்."

சுல்தான் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இல்யாஸின் கண் இந்தச் சிம்மாசனத்தின்மேல் இனி ஒருபோதும் படக்கூடாது."

என்ன சொன்னார் என்பது சபையில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தக்க கட்டளை," என்றார் வஸீர். "நம்பிக்கையான ஆள்தான் இதைச் செய்யவேண்டும். மக்தூம் செய்யட்டுமே! இளவரசரைச் சிறுவயதில் மடியில் வைத்து விளையாட்டுக் காட்டியவன். அந்தப் பாசத்தைவிட ஹுஜூரிடம் விசுவாசம் பெரிது என்று சபைக்குக் காட்டட்டும்."

மறுத்தால் ராஜத் துரோகி. செய்தால் அதற்குப்பின் எவரையும் சிரிக்கவைக்க முடியாத பாவி. வஸீர் விரித்த வலை அப்படி.

சுல்தான் சலிப்போடு கையசைத்தார். "அப்படியே ஆகட்டும். மக்தூம், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து தர்பார் கூடும்போது என் கட்டளை நிறைவேறியிருக்க வேண்டும். தவறினால் உன் கண் போகும். வேண்டிய ஆளையும் பொருளையும் என் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்."

மக்தூம் குனிந்து வணங்கினான். "ஹுஜூரின் வாயிலிருந்து வந்த சொல் எதுவோ, அது ஓர் எழுத்தும் பிசகாமல் நடக்கும்."

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அவன் கொத்தளத்துக்குப் போனான். இல்யாஸ் சன்னல் கம்பியைப் பிடித்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"யாரை அனுப்புவாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். உங்களையா அனுப்பினாங்க?"

"என்னைத்தான், இளவரசே."

"நல்லதாப் போச்சு. கை நடுங்காம செய்ங்க. அதுவரைக்கும் இந்த ஆத்தைக் கொஞ்சம் பாத்துக்கிறேன்."

விகடன் அழுதால் நன்றாக இராது என்று மக்தூம் ஒரு கனைப்புக் கனைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லணும். அந்தச் சிம்மாசனம் உங்களுக்கு வேணுமா?"

இல்யாஸ் திரும்பினார். "அண்ணன் கையில சாகக்கூடாதுன்னுதான் வாளை எடுத்தேன். அவரும் என் கையில சாகக்கூடாதுன்னுதான் எடுத்திருப்பாரு. எங்க வீட்டுல ரெண்டே இடம்தான், மக்தூம். ஒண்ணு அந்தத் தக்த்து, இன்னொண்ணு கபர்க் குழி. மூணாவதா ஒரு இடம் இருக்குன்னு யாராவது சொல்லியிருந்தா, நான் அங்கே போய் உக்காந்திருப்பேன்."

மக்தூம் படியிறங்கினான். அன்றிரவு அவனும் தூங்கவில்லை. தான் நினைத்தது பலித்தால் ஆயிற்று. பலிக்காவிட்டால் போவது இரண்டு பேருடைய கண்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகை முடிந்து தர்பாருக்குள் நுழைந்த சுல்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். சிம்மாசனத்தைக் காணோம்! அது இருந்த இடத்தில், மேலும் கீழும் சுற்றிலும் கனத்த துணி மூடி, ஒரு கூடாரம் நின்றது. அதற்கு எதிரே இல்யாஸ் நின்றார். அவருடைய இரண்டு கண்களும் திறந்திருந்தன. பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டி நிறையக் கங்கு. கங்கில் ஒரு ஊசி சிவந்துகொண்டிருந்தது.

"துரோகம்!" என்று வஸீர் கத்தினார்.

"கட்டளைப்படி முடித்துவிட்டேன், ஹுஜூர்," என்றான் மக்தூம். "இளவரசரின் கண் சிம்மாசனத்தின்மேல் படக்கூடாது என்றீர்கள். எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். படுகிறதா என்று சபையே சொல்லட்டும்."

"ஹுஜூர் சொன்னதன் பொருள் அதுவா? சிறு பிள்ளைக்குக்கூட விளங்குமே!"

"நான் சிறு பிள்ளையைவிடவும் மந்தம், வஸீர் அவர்களே. சொன்னது விளங்கும், சொல்லாதது விளங்காது." மக்தூம் சுல்தானைப் பார்த்தான். இப்போது அவன் முகத்தில் விகடம் இல்லை. "வேறு பொருள் இருந்தால் ஹுஜூர் திருவாயால் சொல்லட்டும். 'என் தம்பியின் கண்ணைப் பொசுக்கு' என்று இந்தச் சபை கேட்க ஒரே ஒரு முறை. ஊசி தயாராக இருக்கிறது. சொன்ன மறுகணம் செய்கிறேன்."

சுல்தானின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. யாரையும் பார்க்காமல் நடந்துபோய்த் துணியை விலக்கி, கூடாரத்துக்குள் நுழைந்து, அரியணையில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே கும்மிருட்டு. வெளியே வஸீரின் குரல் கேட்டது: "ஹுஜூர், ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை!"

உள்ளேயிருந்து சுல்தான் பேசினார். அது தர்பாரில் பேசுகிற பேச்சாக இல்லை.

"இல்யாஸு, அங்கதான் நிக்கிறியா?"

"நிக்கிறேன், அண்ணே."

"என் குதிரையைத்தானே குத்தினே? குறி தவறிப் போச்சா?"

"தவறல, அண்ணே. குதிரையைத்தான் குத்தினேன்."

துணி அசைந்தது. சுல்தான் வெளியே வர வழி தேடினார், வழி அகப்படவில்லை. மடிப்பில் மாட்டிய தலைப்பாகை அவிழ்ந்து நாடாவாகத் தொங்கியது. ஒருவழியாகத் தலையை மட்டும் நீட்டியவரின் மூக்குக்கு நேரே துணியில் பொன்சரிகையால் ஒரு மயில் நெய்யப்பட்டிருந்தது.

"இந்த மயிலை எங்கோ பார்த்திருக்கிறேனே?"

"வஸீர் அவர்களின் வேட்டைக் கூடாரம், ஹுஜூர்," என்றான் மக்தூம். "வேண்டிய பொருளை எடுத்துக்கொள் என்றீர்கள். சிம்மாசனத்துக்கு அளவாக இருக்க வேண்டுமே என்று கொஞ்சம் கத்தரித்தேன்."

வஸீர் தன் மயிலைப் பார்த்தார். அதன் தோகைப் பாதியைக் காணோம். அவர் முகம் போன போக்கைக் கண்டதும் சுல்தானுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. துணிக்கு வெளியே தலையும் உள்ளே உடம்புமாக அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இல்யாஸும் சிரித்துவிட்டார். அப்புறம் சபைக்குக் கேட்கவா வேண்டும்?

சிரிப்பு ஓய்ந்தபின் சுல்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த நீர் மட்டும்தானா அது என்று யாரும் கேட்கவில்லை. கிழக்குக் கரையில் இருந்த துறைமுகக் கோட்டையை இல்யாஸுக்குக் கொடுத்து, படை திரட்டுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அன்றே வழியனுப்பினார். தம்பியின் தலை வாசலைத் தாண்டிய பிறகுதான் கூடாரத்தைப் பிரிக்கவிட்டார்.

"மக்தூம், உனக்கு என்ன வேண்டும்? கேள்."

"ஹுஜூர், நான் சாடைமாடையான பேச்சு விளங்காத ஆள். இனிமேல் இந்த நாட்டில் எந்தத் தண்டனையானாலும், இன்னாருக்கு இன்னது என்று தாங்கள் சபையில் வாய்விட்டுச் சொன்னால்தான் நிறைவேற வேண்டும். அது போதும் எனக்கு."

சுல்தான் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். ஒரு பொற்கிழியும், சவாரிக்கு ஒரு வெள்ளைக் கோவேறு கழுதையும் கூடக் கொடுத்தார். கழுதை மக்தூமின் சொல்லைக் கேட்கவே இல்லை என்பது வேறு கதை.

வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்ததால் சுல்தான் சொல்லாமலே விட்ட தண்டனைகள் எத்தனையோ. ஹைபத் ஷா நெடுங்காலம் ஆண்டு, நரைத்து, படுக்கையிலேயே இறந்தார். அவருடைய ஜனாஸாவைத் தூக்க இல்யாஸ் துறைமுகத்திலிருந்து வந்து சேர்ந்தார். அந்த வம்சத்தில் ஒரு சுல்தானுக்காக அவருடைய தம்பியின் கண்கள் அழுதது அதுதான் முதல் தடவை என்பார்கள்.