நல்ல ஓட்டையா ரெண்டு

ஓட்டையை ஒரு எடத்துல இருந்து கழட்டி இன்னொரு எடத்துல மாட்டுவாங்களான்னு கேக்கற பாரு, கண்ணு, நீ சென்னிமலைங்கற பயலைப் பாத்ததில்ல. அதான் சிரிக்கற.

காங்கேயத்துல வையாபுரியோட காரு ரேடியோ கடையில அவனுக்கு வேலை. கூட குப்பண்ணன், அத்தியப்பன்னு ரெண்டு பேரு. அத்தியப்பன் யாருன்னா, கல்யாண வீட்டுல செருப்பை வெளிய விட்டுட்டு வாப்பான்னு சொன்னதுக்கு, ஊருக்கு வெளிய நடந்து போயி விட்டுட்டு வந்தவன். வர்றதுக்குள்ள பந்தியே முடிஞ்சு போச்சு. அந்த வீட்டுக் கொள்ளு ரசம் இருக்குதே... சரி, அது கெடக்குது.

அன்னிக்குச் சாயங்காலம் சென்னிமலையோட அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தோணும்? மூத்தவ காதுகுத்துக்கு இவன் வேற கோயிலுக்குப் போயி, யாரு பிள்ளையையோ மடியில வெச்சுக் குத்திட்டு வந்துட்டான். அதனால அக்கா பூவாத்தா கண்டிசனாச் சொல்லிப்போட்டா: "தம்பி, இந்தத் தடவை மாமன் சீரு பாட்டோட வரோணும். நீயும் வரோணும். எது கொறைஞ்சாலும் உனக்கும் எனக்கும் பேச்சே கெடையாது."

சீரு கொண்டு போற காருல ஆம்ப்ளிஃபயருன்னு ஒரு பாட்டுப் பொட்டி. அது சூடாகிச் சூடாகிப் பாட்டை நிறுத்திப்போடுது. வையாபுரி கழட்டிப் பாத்தாரு. உள்ள சில்லு சில்லா இருக்குதல்ல, அதெல்லாம் சூடு எறங்கறதுக்கு ஒரு கனத்த அலுமினியத் தட்டோட ஒட்டியே இருக்கோணுமாம். தட்டுல ரெண்டு ஓட்டை மரை தேஞ்சு, ஸ்க்ரூ லொடலொடன்னு ஆடுது.

திருப்பூர் பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல வையாபுரி சொன்னாரு: "இந்த ரெண்டு ஓட்டையும் ஆகாது. நல்ல ஓட்டையாப் போட்டு முடுக்குங்க. பாட்டுப் போட்டு, சில்லு தட்டோட ஒட்டியிருக்குதான்னு விரலை வெச்சுப் பாருங்க. நான் வந்து பாக்கற வரைக்கும் விரலை எடுக்கப்படாது."

"சரிங்"னு மூணு பேரும் தலையாட்டுனாங்க.

"நல்ல ஓட்டைக்கு எங்கடா போறது?"ன்னான் குப்பண்ணன்.

"கடையில விப்பாங்களாண்ணா?"ன்னான் அத்தியப்பன்.

"ஸ்க்ரூ விக்கறான். ஓட்டை விக்கறவனை நான் பாத்ததில்ல."

சென்னிமலைதான் வழி கண்டுபுடிச்சான். "இதே தட்டுல அந்தப் பக்கம் நாலு நல்ல ஓட்டை இருக்குதே."

"அதுல ஸ்க்ரூ இருக்குதேடா?"

"கழட்டிப்போட்டா சும்மாதானேண்ணா இருக்கும்?"

நல்ல ஓட்டைக்குச் சேதம் வந்தறக் கூடாதுன்னு, சுத்தியும் தாராளமா எடம் விட்டு அறுத்தாங்க. எடுத்த துண்டை வெக்கறதுக்கு, ஆகாத ஓட்டையைப் பெருசு பண்ணுனாங்க. துண்டு பொதுக்குன்னு அந்தப் பக்கம் உழுந்திருச்சு. அறுத்த எடத்துல பாத்தா, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"அண்ணா, இதுவும் ஆகாத ஓட்டையாப் போச்சே?"

"அப்ப இதுக்கும் ஒரு நல்ல ஓட்டை வெட்டு."

மத்தியானத்துக்குள்ள தட்டு ஒரு ஓரமாக் கொஞ்சம்தான் மிச்சம். மத்ததெல்லாம் ஓட்டை. அத்தியப்பனுக்குச் சந்தோசம். "இனி ஓட்டைக்குப் பஞ்சமே இல்லீங்ணா."

சென்னிமலைக்கு அக்கா மொகம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. மிச்சமிருந்த ஓரத்துல சில்லை வெச்சு, பெருவிரலால ஒரே அமுக்கா அமுக்குனான். பாட்டு கணீர்னு வந்துச்சு.

"பாடுது! கையை எடுத்தறாதடா!"ன்னு கத்துனான் குப்பண்ணன். "வையாபுரியண்ணன் சொன்னாரல்ல?"

பொட்டியும் அவனுமா அப்படியே காரு டிக்கியில ஏத்தி உக்கார வெச்சாங்க. விரல் சுட்டுதுன்னு அத்தியப்பன் பக்கத்துல உக்காந்து மொறத்தால விசிறிக்கிட்டே வந்தான்.

கோயில் வாசல்ல பூவாத்தா ஆரத்தித் தட்டோட நிக்கறா. "பாட்டு வந்துருச்சு. என்ற தம்பி எங்க?"

"டிக்கியிலங்"னான் குப்பண்ணன்.

பூவாத்தா டிக்கியைத் தொறந்தா. "எறங்குடா!"

"வையாபுரியண்ணன் வந்து பாக்கோணுமுக்கா."

பூவாத்தா ஆரத்தித் தட்டைக் கீழ வெச்சுட்டுக் கேட்டா, "மடியாச்சும் சும்மா இருக்குதா?"

"மடி சும்மாத்தான் இருக்குதுக்கா."

பிள்ளையைத் தூக்கி டிக்கியிலயே மடியில வெச்சாங்க. ஆசாரி தலையை உள்ள நீட்டிக் காதைக் குத்துனாரு. பிள்ளை அழுத அழுகை பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. பாட்டும் வந்துச்சு, மாமனும் வந்தான். பூவாத்தா என்ன கொறை சொல்ல முடியும்?

வையாபுரியா? சமாச்சாரத்தைக் கேட்டவரு திருப்பூர்லயே கடை போட்டுக்கிட்டாரு. வந்து பாக்கவே இல்ல.

இன்னும் நம்பிக்கையில்லையா உனக்கு? இரு. ஏ பாவாயி! தூறல் போடுது பாரு. வாசல்ல நிக்கற அந்தச் சீரு காரு டிக்கியைத் தொறந்து அந்தப் பாட்டுப் பொட்டியை உள்ள கொண்டா. சென்னிமலையையும் சேத்துத்தான் சொல்றேன். விரல் நகந்தறாம, மெதுவாக் கொண்டா!