தேவசகாயத்தை மிஞ்சியவர்

ராயபுரத்தில் ரத்தினவேலு என்று ஒரு குத்துச்சண்டை வாத்தியார் இருந்தார். கோதாவில் அவர் தோற்றதே இல்லை. அதை வாய் ஓயாமல் சொல்லிக்கொள்வதிலும் தோற்றதில்லை. அவருடைய கிளப் சுவரில் பழைய சாம்பியன் தேவசகாயத்தின் படம் வரையப்பட்டிருந்தது. ஆள் செத்துப் பல வருஷமாகியும் ஜனங்கள் அவர் பேச்சைத்தான் பேசினார்கள். வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை.

ஆண்டுவிழாவுக்கு முன்னால் பெயின்டர் சம்பங்கியைக் கூப்பிட்டார். "இந்த ஆளை அழிச்சிட்டு என்னை வரை. கீழே 'தேவசகாயத்தை மிஞ்சியவர்'னு எழுது. முடியாதுன்னா இந்தப் பேட்டையிலேயே உனக்கு வேலை கிடையாது."

சம்பங்கி பிரஷ்ஷைத் தொடவில்லை. "அவரோட நீங்க மோதினதே இல்லியே வாத்தியாரே. மோதியிருந்தா எப்படி ஜெயிச்சிருப்பீங்க?"

"இப்படித்தான்!" வாத்தியாரின் இடது கை காற்றைக் கிழித்தது.

"அடேங்கப்பா! இதை எங்கே கத்துக்கினீங்க?"

"சின்ன வயசுல, டிக்கெட்டுக்குக் காசில்லாம மதில்மேல ஏறிக் குந்திக்கினு, அவரு சண்டையைப் பார்த்து..." வாத்தியார் நிறுத்திவிட்டார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"அழிச்சிடலாம் வாத்தியாரே," என்றான் சம்பங்கி, பணிவாக. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரு பொறந்தப்பவே நீங்களும் பொறந்து, அவரோடயே சண்டைக்கு வந்திருந்தா, இந்தக் குத்தை யாரைப் பார்த்துக் கத்துக்கினு இருப்பீங்க?"

வாத்தியார் கையை இறக்கினார். "உனக்குத் தோணுறதை வரை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழாவன்று தேவசகாயம் சுவரில் அப்படியே இருந்தார். அவருக்குப் பின்னால் புதிதாக ஒரு மதில். அதன்மேல் இடது கையை மடக்கிக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்திருந்த பையனுக்கு வாத்தியாரின் முகம்.