எந்த இடத்தில் விழுங்க வேண்டும்

“ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது,” என்றாள் மங்கையர்க்கரசி.

இன்பவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மங்கையர்க்கரசி தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்பவல்லி அவளைவிட வயதில் மிகவும் சிறியவள். முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். இப்போது பல்லாவரத்தில், மலையைப் பார்த்த ஒற்றை அறையில் இருக்கிறாள். மனம் நிலைகொள்ளாதவர்கள் அவளிடம் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

வந்தவர்கள் அவளை அம்மா என்றார்கள். மூத்தவர்களை அவள் அக்கா என்றாள்.

“என்ன வாக்கியம், அக்கா?”

“ஜப்பான் வாக்கியம்.”

கீரையில் இருந்த விரல்கள் நின்றன.

“அந்த மொழி உங்களுக்குத் தெரியுமா?”

“வீட்டிலேயே கத்துக்கறேன், அம்மா. ரிடையர் ஆனதிலேருந்து. குக்கர் விசில் வர்ற வரைக்கும், துணி காயற வரைக்கும். போன்ல ஒரு பொண்ணு பேசுவா. பேசிட்டு, நான் பதில் சொல்ல இடம் விடுவா. மனசுக்குள்ள சொல்லிக்குவேன்.”

“வாய்விட்டு?”

“சொன்னதில்லை.”

“ஏன் ஜப்பான்?”



“யாருக்கும் தேவைப்படாத ஒண்ணைக் கத்துக்கணும்னு தோணிச்சு. தேவைப்பட்டதையே செஞ்சு ஆயுசு போயிடுச்சு.”

“இப்ப யாருக்கோ தேவைப்படுது. அதானே?”

அதுதான்.

மங்கையின் அடுக்குமாடிக் குடியிருப்பில், அவளுக்கு நேர் மேல் வீட்டில் ஒரு ஜப்பானியத் தம்பதி இருந்தார்கள். கணவர் கார் தொழிற்சாலையில் பொறியாளர். மனைவி பெயர் நோரிகோ. வயிற்றில் பிள்ளை.

அவர்கள் குடிவந்த நாளிலிருந்து மங்கை லிஃப்டில் ஏறுவதில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறாள். உள்ளே நோரிகோ நின்றிருந்தால்? ஏதாவது கேட்டுவிட்டால்? போனில் பேசும் பெண் பாடத்தில் இருப்பதை மட்டும் கேட்பாள். உயிரோடு இருப்பவர்கள் என்ன கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

வாட்ச்மேன் ராயப்பனுக்கு அது ஒரு வேடிக்கை.

“ஜப்பான் மேடம், உங்க சொந்தக்காரங்க கீழே வர்றாங்க. ஓடுங்க, ஓடுங்க!”

அவளும் ஓடத்தான் செய்தாள்.

“போன வாரம் அந்தப் பொண்ணோட அம்மா ஜப்பான்ல தவறிட்டாங்க,” என்றாள் மங்கை. “நிறைமாசம், பிளேன் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். காரியம் எல்லாத்தையும் போன்லதான் பார்த்துச்சாம். புருஷன் காலையில போனா ராத்திரிதான் வர்றார். அது சாப்பிடறதே இல்லைன்னு வீட்டு வேலை செய்யற பொண்ணு சொல்லுது. வச்சது வச்சபடி இருக்காம். வயித்துல குழந்தையோட!”

“ம்.”

“பில்டிங்கே என்னைப் பார்க்குது. உங்களுக்குத்தானே அவங்க பாஷை தெரியும், போய் ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னு.”

“சொல்லலாமே.”

“துக்க வீட்டுல தப்பா ஒரு வார்த்தை விழுந்தா அள்ள முடியுமா? ஆறுதல் சொல்ல ஒரு வாக்கியம் இருக்கு. அதைத் தெளிவாச் சொல்லக் கூடாதாம். குரலைத் தாழ்த்தி, முடிவை விழுங்கிடணுமாம். எந்த இடத்துல விழுங்கணும்னு புத்தகத்துல இல்லை!”

இன்பவல்லி சிரிக்கவில்லை.

“நம்ம பக்கத்துல இழவு விசாரிக்கப் போனா என்ன சொல்லுவீங்க?”

“ஒண்ணும் சொல்றதில்லை. கையைப் பிடிச்சுக்குவோம். கிளம்பறப்போ போயிட்டு வரேன்னுகூடச் சொல்ல மாட்டோம்.”

“அப்புறம்?”

“அது நம்ம பக்கம், அம்மா. அவங்க பக்கம் கையைத் தொடலாமான்னே எனக்குத் தெரியலை.”

இன்பவல்லி முறத்தை நகர்த்தினாள்.

“அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டுங்க.”

மங்கை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

“சரியா இருக்கு,” என்றாள் இன்பவல்லி.

“உங்களுக்கு ஜப்பான் மொழி தெரியாதே!”

“தெரியாது.”

“பின்ன எப்படி சரின்னு சொல்றீங்க?”

“பின்ன எதுக்கு என்கிட்ட சொல்லிக் காட்டினீங்க?”



இன்பவல்லி கீரையை மூடி வைத்தாள். செருப்பை மாட்டினாள். கதவைப் பூட்டினாள்.

“எங்கே, அம்மா?”

“உங்க பில்டிங்குக்கு.”

ஷேர் ஆட்டோவில் மங்கையின் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. பக்கத்தில் இருந்தவள் மந்திரம் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நாளைக்குப் போகலாமா, அம்மா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற.”

இன்பவல்லி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க தூங்கிட்டு இருந்தா?”

ஆட்டோ நின்றது.

ராயப்பன் வாயைத் திறந்தான். மங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

“படியில போயிடலாம்,” என்றாள் மங்கை.

“எனக்கு முட்டி வலி,” என்று சொல்லி இன்பவல்லி லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். அவளுக்கு முட்டி வலி கிடையாது.

மேலே, மூடிய கதவுக்கு வெளியே செருப்புகள் வரிசையாக, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க அடுக்கியிருந்தன.

இன்பவல்லி மணியை அடித்தாள்.

அடித்துவிட்டு, திரும்பிப் படியிறங்கினாள்.

“அம்மா! அம்மா, நீங்களும் வாங்க!”

கீழே போகும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

கதவு திறந்தது.

நோரிகோவின் முகம் வீங்கியிருந்தது. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. மங்கை குனிந்தாள். வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வந்தது. மிச்சம் எல்லாம் தொண்டைக்குள் போய்விட்டது.

நோரிகோ அவளைப் பார்த்தபடி நின்றாள். பிறகு தானும் குனிந்து, வழிவிட்டாள்.

மேசையில் ஒரு படம். படத்தின் முன்னால் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கோப்பைத் தேநீர். இரண்டும் ஆறியிருந்தன.

உட்கார்ந்தார்கள்.



நோரிகோ பேசத் தொடங்கினாள். மெதுவாக அல்ல. இடம் விட்டும் அல்ல. பூட்டிக் கிடந்த வீட்டில் குழாய் திறந்துகொண்டதைப் போல.

மங்கைக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. தூரத்து ஊரின் விளக்குகள் போல இங்கொன்று அங்கொன்றாகச் சொற்கள் தெரிந்தன. அம்மா. பனி. கோபக்காரி. ஒரு குடை. கோத்துப் பார்த்தால், அந்தக் குடையை ரயிலில் மறந்து வைத்துவிட்டு, ஊர் முழுக்கத் தேடி, கடைசியில் மகளைத் திட்டியிருக்கிறாள் அம்மா.

மங்கை சிரித்துவிட்டாள்.

நோரிகோ சட்டென்று நிறுத்தினாள். சிரிக்க வேண்டிய இடம்தான் அது. அவள் கண்கள் அகன்றன. இந்த ஊரில் தன் அம்மாவின் கோபத்துக்குச் சிரிக்க ஒருத்தி.

முன்னால் சாய்ந்து ஒரு கேள்வி கேட்டாள். எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி.

உங்கள் அம்மாவின் பெயர் என்ன?

மங்கையிடம் அதை யாரும் கேட்டுப் பல காலம் ஆகிறது. அம்மா போன பிறகு அந்தப் பெயருக்கு வேலையும் இல்லை.

“அங்கயற்கண்ணி,” என்றாள்; அவளும் இல்லை என்று மேசைப் படத்தின் பக்கம் கை காட்டினாள்.

நோரிகோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அங்கா… யாரு…”

நின்றாள். முகம் சிவந்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள். இறந்துபோன ஒருத்தியின் பெயரை உடைத்துவிட்ட பயம் அவள் கண்ணில் அப்படியே தெரிந்தது.

மங்கை அந்தப் பயத்தைப் பார்த்தாள்.

கை நீட்டி, வாயை மூடியிருந்த அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

“இன்னொரு முறை சொல்லுங்கள்,” என்றாள், ஜப்பான் மொழியில்.