முதலை மடுவில் கழுவிய கால்கள்

மலைச்சரிவில் ஒரு பெரிய வேங்கை மரம் இருந்தது. அதன் நிழலில்தான் காட்டுப் பள்ளிக்கூடம் நடந்தது. ஆசிரியர் பொன்முடி ஒரு மரங்கொத்தி. காலையில் அவர் மரத்தை 'டொக் டொக்' என்று கொத்துவார். அதுதான் பள்ளிக்கூட மணி!

வேடன் வைக்கும் கண்ணியை எப்படி அடையாளம் காண்பது, எந்தக் காயில் விஷம் இருக்கும், இதெல்லாம் அங்கே பாடம். மான் குட்டிகளும் முயல் குட்டிகளும் படித்தன. எல்லாம் மேட்டுப் புல்வெளிப் பிள்ளைகள்.

பள்ளிக்கு ஒரு சட்டம் இருந்தது. காலில் சேறு இருந்தால் உள்ளே வரக்கூடாது.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்! பெரியவர், சின்னவர் பாகுபாடே கிடையாது!" என்று பொன்முடி பெருமையாகச் சொல்வார். அவர் பறந்து வருகிறவர். அவர் காலில் சேறு ஏது?

வாசலில் நின்று கால்களைப் பார்க்கும் பொறுப்பு சிங்காரம் என்ற கலைமானுடையது. அதன் குட்டியும் அங்கேதான் படித்தது.

அந்த வருஷம் கீழே சதுப்பு நிலத்திலிருந்து ஒரு பன்றிக்குட்டி படிக்க வந்தாள். பெயர் செம்மி. முதல் நாளே சிங்காரம் கொம்பை நீட்டித் தடுத்தது.

"கால் முழுக்கச் சேறு! போ, போ! கழுவிட்டு வா!"

செம்மி திரும்பிப் போனாள். மறுநாள் கால்கள் பளிச்சென்று இருந்தன. ஆனால் பாதிப் பாடம் முடிந்திருந்தது.

"இதுதான் வர்ற நேரமா?" என்று பொன்முடி அதட்டினார். செம்மி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நாளும் தாமதம். அதற்கடுத்த நாளும் தாமதம். பிறகு மூன்று நாள் அவள் வரவேயில்லை.

"நான் அப்பவே நினைச்சேன் சார்!" என்றது சிங்காரம். "சேத்துல கிடக்கிறவங்களுக்குப் படிப்பு மேல எங்கே அக்கறை? பேரை அடிச்சிடுங்க!"

"அடிக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி அவங்க அம்மாகிட்ட நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்!" என்று பொன்முடி கோபமாகக் கிளம்பினார்.

அவர் சதுப்பு நிலத்துக்குப் போவது அதுவே முதல் தடவை. மேலிருந்து பார்த்தார். எங்கு பார்த்தாலும் சேறு. பள்ளிக்கு வரும் பாதையில் தெளிந்த தண்ணீர் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அது முதலை மடு!

மடுவின் கரையில் செம்மி நின்றிருந்தாள். அவள் அம்மா வீராயி தண்ணீரைப் பார்த்தபடி மகளுக்கு முன்னால் குறுக்கே நின்றாள்.

"சீக்கிரம் கழுவுடி! பின்னங்கால்! பின்னங்கால்!"

தண்ணீரில் ஒரு சுழிப்பு. இரண்டு கண்கள் மேலே வந்தன.

"ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே பொன்முடி கீழே பாய்ந்தார். வாயைப் பிளந்த முதலையின் கண்ணிமையில் ஓங்கி ஒரு கொத்து கொத்தினார். முதலை அலறித் தலையை உதறியது. அந்த ஒரு கணம் போதும். வீராயி மகளை முட்டித் தள்ளிக் கரை ஏற்றிவிட்டாள். முதலை தண்ணீருக்குள் அமுங்கியது.

மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"எதுக்கும்மா இங்கே வர்றீங்க?" என்று பொன்முடி கேட்டார்.

"கால் கழுவத்தான் சார். உங்க சட்டமாச்சே! தினமும் அது உள்ளே போற வரைக்கும் காத்திருந்து கழுவுவோம். அதான் நேரமாயிடும். மூணு நாளா அது கரையை விட்டு நகரவேயில்லை. இன்னிக்குத்தான் உள்ளே போச்சு."

"இவ்வளவு ஆபத்துன்னா பிள்ளையை வீட்டுலயே வச்சிருக்கலாமே?"

"இவ அப்பா கண்ணியில மாட்டித்தான் செத்தார் சார். அது கண்ணின்னு அவருக்குத் தெரியலை. இவளுக்காவது தெரியணும்."

பொன்முடி வீராயி அருகில் வந்து உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லத்தான் ஒரு நாள் வந்தேன். என் காலும் சேறு. வாசல்லயே நிறுத்திட்டாங்க."

பொன்முடி மடுவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இனி நீங்க இந்தப் பக்கமே வராதீங்க. சேத்துக் காலோடயே வாங்க. நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்தார். செம்மி இனிச் சேற்றுக் காலோடு வரலாம் என்று பள்ளியில் சிங்காரத்திடம் சொன்னார்.

"சட்டத்தை மாத்தலாமா சார்?" என்று சிங்காரம் முறைத்தது.

"உங்க பிள்ளை புல்லுல நடந்து வருது. சுத்தமா வர்றதுக்கு அது ஒண்ணுமே செய்யலை. அந்தப் பிள்ளை முதலை மடுவுல கால் கழுவி, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தா. ரெண்டு பேரையும் நான் ஒண்ணா நினைச்சேன். தப்பு என்னுது!"

சிங்காரம் நிமிர்ந்து மலைமேட்டைப் பார்த்தது. "மேலே ஊற்று இருக்கு சார். மூங்கிலைச் சாய்ச்சு வச்சா தண்ணி வாசலுக்கே வரும். நான் முட்டிச் சாய்க்கிறேன்" என்றது.

சாயங்காலத்துக்குள் பள்ளி வாசலில் தண்ணீர் சலசலத்தது.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே செம்மி வந்துவிட்டாள். வாசலில் கால் கழுவி, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கண்ணிப் பாடத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டாள். பொன்முடி பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்!

கீழே சதுப்பு நிலத்தில், வீராயி பல நாள் கழித்து வெயில் ஏறும்வரை நிம்மதியாகத் தூங்கினாள்.

சட்டம் போடுகிறவர், அதைக் காப்பாற்ற எளியவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பதை முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.