ஓலையில் இல்லாத காயம்

வெகு காலத்துக்கு முன்னே வெள்ளாற்று நாட்டை மருதவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகப் பேசியவர் சொல்வதே அவனுக்கு நியாயம். போரில் ஊனப்பட்டவர்களுக்கு மானிய நிலம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பவர் அரசாங்க ஓலைகளைக் கவனிக்கும் ஓலைநாயகம் சடையனார். மருத்துவக் கூடாரத்தில் எழுதிய காயப் பட்டியலில் பேர் இருந்தால் நிலம். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வில்வீரன் கொற்றனுக்கு இரண்டு முறை அப்படித்தான் ஆயிற்று. தொடையில் அம்பு தைத்துக் கால் சூம்பிப்போனவன், ஏர் பிடிக்க முடியாது. இப்போது ராஜாவிடமே மேல்முறையீடு செய்ய வந்திருந்தான். இதுவும் தவறினால் மகளோடு ஊரைவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை.

சடையனார் பட்டியலை விரித்தார். பேர் இல்லை, மரத்திலிருந்து விழுந்து ஊனமான காலாக இருக்கும் என்றார். ராஜா தலையாட்டினான். எல்லாம் போயிற்று என்று கொற்றன் நினைத்தபோது மந்திரி நல்லியக்கர் எழுந்தார். சடையனாருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"இதே போரில் தோளில் வேல் பாய்ந்த இன்னொருவர் இருக்கிறார். அவர் வழக்கையும் தீர்த்துவிடுங்கள்" என்றார் மந்திரி.

சடையனார் பட்டியலைப் புரட்டினார். "தோளில் வேல்பட்டதாக ஒருவருமே இல்லை. அவனும் பொய்யன்."

"ஆள் யாரென்று கேட்கவில்லையே?"

"எவனாக இருந்தால் என்ன? ஓலைதான் சாட்சி."

மந்திரி சிம்மாசனத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். போர்க்களத்தில் ராஜாவுக்கு அவரே கட்டுப்போட்ட காயம் அது. வேறு யாருக்கும் தெரியாது. ராஜாவின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. சடையனாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் கூடாரத்துக்குப் போகவே இல்லை" என்றான் ராஜா மெதுவாக. பிறகு கொற்றனைப் பார்த்து, "நீ ஏன் போகவில்லை?" என்று கேட்டான்.

"ஆத்துத் துறையை விட்டு ஒருத்தனும் நகரக்கூடாதுன்னு மகாராஜா உத்தரவு. மூணு நாள் நின்னோம். நாங்க வர்றதுக்குள்ள கூடாரத்தைப் பிரிச்சுட்டாங்க."

ராஜாவுக்கு அந்த உத்தரவு நன்றாக நினைவிருந்தது. வெட்கத்தோடு சிம்மாசனத்தை விட்டு இறங்கினான். கொற்றனுக்கு நிலம் கொடுத்தான். இனி ஓலை பேசாத இடத்தில் வீரனின் சொல்லே செல்லும் என்று தீர்ப்பளித்தான். சடையனார் தாம் திருப்பி அனுப்பியவர்களின் வீடு வீடாக நடந்தே போய் மறுபடி விசாரித்து வரவேண்டும் என்றான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

கொற்றன் மட்டும் நகரவில்லை. இன்னும் என்ன வேண்டும் என்று ராஜா கேட்டான்.

"எங்கூடத் துறையில நின்ன தாழியன், கண்ணு போனவன், தை மாசம் செத்துட்டான் மகாராஜா. பொய்யன்னு பேர் வாங்கிக்கிட்டே செத்தான். அவன் பேரை அந்த ஓலையில எழுதணும்."

ராஜா எழுத்தாணியைத் தானே வாங்கி, நின்றபடியே எழுதினான். அவன் எழுதி முடிக்கும்வரை சபையில் ஒருவரும் உட்காரவில்லை.