கவரிப்பசு பனிக்குக் கொடுத்த குரல்

மிருகங்களும் மலைகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இமயத்து மேட்டு ஊர் ஒன்றில் லாமோ என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் நோர்பு முந்தின குளிர்காலத்தில் பனிச்சரிவில் புதைந்துபோனான். அவளுக்கென்று மிஞ்சியது, சடைமயிர் தரையைத் தொடும் ஒரு கவரிப்பசுவும் அதன் கன்றும்தான். அந்தப் பசுவின் குரல் ஊரறிந்த குரல். ஒரு தடவை கத்தினால், மலைக்கு அந்தப் பக்கம் மேயும் கன்றும் ஓடிவந்துவிடும்.

அந்த ஆண்டு பாதிக் குளிர்காலத்திலேயே வைக்கோல் தீர்ந்தது. கீழ்ப் பள்ளத்தாக்கில் தங்கை வீட்டுக்குப் போனால் மாடுகள் பிழைக்கும். விடாமல் கொட்டிய பனி ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில் மூவரும் கிளம்பினார்கள்.

நடுவழியில் நோர்புவை விழுங்கிய சரிவு வந்தது. லாமோ தலையைக் குனிந்துகொண்டாள். முன்னால் போன பசு ஓரடி வைத்ததும் நின்றுவிட்டது.

“நடம்மா” என்றாள் லாமோ.

“காலடியில் ஏதோ நடுங்குகிறது, அக்கா.”

பசு பனிக்குள் முகத்தைப் புதைத்தது. அப்போதெல்லாம் பனிக்கு இருந்தது மூச்சுக்காற்று மாதிரி ஒரு குரல்தான். காதும் பனிக்குள் இருந்தால்தான் கேட்கும்.

“வராதே” என்றது பனி. “முதலில் விழுந்த பனி அடியில் சர்க்கரை மாதிரி உதிரியாகக் கிடக்கிறது. அதன்மேல் நேற்றுவரை பெய்ததெல்லாம் பாளமாக இறுகி உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் அடி நொறுங்கிவிடும். என்னால் பிடித்துக்கொள்ள முடியாது.”

பசு அதைச் சொன்னதும் லாமோவுக்கு ஆத்திரம் பொங்கியது. “உன்னிடம் சொல்லத் தெரிகிறதே, அவரிடம் ஏன் சொல்லவில்லையாம்? அந்தப் பனியைக் கேள்!”

பசு மறுபடி முகத்தைப் புதைத்தது. நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“சொன்னதாம், அக்கா. தொண்டை கிழியக் கத்தியதாம். அவர் காதில் விழவே இல்லையாம்.”

லாமோ அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாளும் சபித்த பனியை முதன்முதலாகக் கையால் தடவிப் பார்த்தாள்.

பசு திரும்பிக் கன்றைப் பார்த்தது. “என் குரலை இதற்குக் கொடுத்துவிடப் போகிறேன்” என்றது.

“பைத்தியமா உனக்கு? கன்றை எப்படிக் கூப்பிடுவாய்?”

“கூப்பிட வேண்டிய தூரத்துக்கு அவனைப் போகவிடமாட்டேன்.”

கன்றின் நெற்றியை நக்கி, அதன் பெயரைக் கடைசியாக ஒருமுறை சொன்னது. பிறகு பனிக்குள் மூக்கை வைத்து, இருந்த குரலையெல்லாம் மெல்ல ஊதிவிட்டது. நிமிர்ந்தபோது அதன் தொண்டையில் ‘உர்ர்’ என்ற முனகல்தான் மிச்சம்.

அவர்கள் பின்வாங்கி, பாறை முகட்டைச் சுற்றி ஏறினார்கள். மேலேயிருந்து பார்த்தால், எதிர்ப்பக்கத்தில் உப்பு வியாபாரிகள் சிலர் பிள்ளைகுட்டிகளோடு அதே சரிவில் கால்வைக்கிறார்கள். லாமோ கத்தினாள். காற்று அதை வாரிக்கொண்டு போயிற்று.

அப்போது பனியின் அடியாழத்திலிருந்து “வும்ம்” என்று ஒரு குரல் எழுந்தது. வியாபாரிகள் திடுக்கிட்டு, குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினார்கள். அவர்கள் ஏறினார்களோ இல்லையோ, சரிவு முழுவதும் பிளந்து இறங்கியது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

“கேட்டாயா, உன் குரல்!” என்று லாமோ பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எத்தனையோ நாளாக வராத அழுகை அது.

கவரிமாடு மற்ற மாடுகளைப் போலக் கத்தாமல் முனகுவதும், காலடியில் பனி “வும்ம்” என்றால் மலைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுவதும் அன்று முதல்தான்.